மக்குவேடா வீதியால் நடந்து வந்தோம்

பலெர்மோ, இத்தாலி
21.09.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகம் எப்படி? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து உனக்கு மறந்திருக்காது என்று நம்பித் தமிழில் எழுதுகிறேன். விளங்காத இடம் வந்தால் விட்டுவிட்டு வாசி. இன்று உன் போன் வரும் என்று காலை பத்து மணியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை இருந்திருக்கும். குறை சொல்லவில்லை. போனில் என்றாலும் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்கிறாய். இரண்டாவது சரியோடு நான் சொல்ல வந்தது எனக்கே மறந்து போகிறது. அதுதான் கடிதம்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நாலாம் திகதி இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரோசலியாவின் மலைக்கும் ஏறிவிட்டாள். பஸ்ஸில் போ என்றேன், கேட்கவில்லை. நேர்த்தியாம். என்ன நேர்த்தி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடிய முதலே எங்கள் சனம் நிறையப் பேர் ஏறினார்களாம், பிள்ளையார் வீடு மாதா வீடு என்று பேதம் இல்லாமல். இவள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். நீ அப்படியெல்லாம் செய்யாதே. கால் முக்கியம் பிள்ளை. நின்று வேலை செய்கிறவர்களுக்குக் காலில்தான் சீவியம். கதிரையில் இருந்து வேலை செய்தாலும் காலைப் பார்க்கத்தான் வேண்டும்.

நேற்று நானும் அம்மாவும் மக்குவேடா வீதிக்குப் போனோம். வேலைக்கு இல்லை, சும்மா நடக்க. நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா மோசம் போன பிறகு எனக்குப் பின்னேரங்கள் நீளமாகிவிட்டன. இந்த ஊருக்கு வந்து 31 வருடம். அந்த வீதியில் நான் மிதிக்காத கல் இல்லை, ஆனால் எல்லாம் விடியற்காலையில், வாளியும் துடைப்பமும் கையில். பின்னேரம் ஆறு மணிக்கு, நல்ல உடுப்புப் போட்டு, கையை வீசிக்கொண்டு, இந்த ஊர்ச் சனம் நடக்கிற மாதிரி நடந்தது நேற்றுத்தான் முதல் தரம். அம்மா பெரியக்காவின் கல்யாணத்துக்கு எடுத்த சேலையை உடுத்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, கூடிப்போச்சோ என்று இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்றேன். வடிவாகத்தான் இருந்தாள்.

ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து தொடங்கினோம். அந்தப் பக்கம் முழுக்க இப்போது வங்காளதேசத்துப் பொடியன்களின் கடைகள். பயணப் பெட்டி, போன் உறை, கண்ணாடி வளையல். 2016 உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கடைசி வருடப் பள்ளிக்கூடம். ஏப்ரலில் அந்தக் காம்பியப் பொடியனை வீதியில் வைத்துச் சுட்டார்களே, உயிர் தப்பினானே. அதன் பிறகு இந்தக் கடைக்காரர்கள் பலர் சேர்ந்து போய், எங்களிடம் கப்பம் கேட்டு அடிக்கிறவர்கள் இவர்கள்தான் என்று பொலிசில் ஆட்களைக் காட்டிக் கொடுத்தார்கள். பிறகு வழக்கிலும் சொன்னார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வியாபாரிகள் எத்தனையோ பேர் வாய் திறக்கப் பயந்த விஷயம் அது. நேற்று அந்தக் கடை ஒன்றில் அம்மாவுக்கு வளையல் வாங்கும்போது, கல்லாவில் இருந்தவனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவனும் அந்த ஆட்களில் ஒருவனோ தெரியாது. எனக்கு மரியாதை வந்தது.

நாற்சந்தியில் அம்மா கொஞ்சம் நிற்போம் என்றாள். நான் நிற்கவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நாற்சந்திக்கு அங்கால் வீதி மாறிப்போய்க் கிடக்கிறது. நீ இருந்த காலத்தில் வாகனம் நெருக்கும், புகையில் சுவரெல்லாம் கரி. இப்போது நடக்கிறவர்களுக்கு மட்டும். வீதி நடுவிலேயே மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் கண்ணாடி கழுவிய மூன்று கடைகளில் ஒன்றுதான் மிச்சம். தொப்பிக் கடை போய்விட்டது, துணிக்கடை இருந்த இடத்தில் அரஞ்சீனாச் சோற்று உருண்டை பொரிக்கிறார்கள். ஒரு கடையில் பனெல்லே வாங்கிப் பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டோம். கடலை மாவு, எங்களுக்கு ஒத்த சாமான். எலுமிச்சம்புளி கொஞ்சம் கூட விட்டால் நல்லது என்று அம்மா சொன்னாள். நீ தனியே சமைக்கிறாயா, கடையில் சாப்பிடுகிறாயா? காலைச் சாப்பாட்டை விடாதே. வெறும் கோப்பியோடு எட்டு மணித்தியாலம் நின்றால் தலை சுற்றும்.

அப்புறம் ஒரு சப்பாத்துக் கடைக்குள் போனோம். வாங்க என்று போகவில்லை, கண்ணாடிக்குள் கறுப்புச் சப்பாத்து ஒன்று இருந்தது, மெல்லிய தோல், அடி மொத்தமான மிருதுவான சாமான். உள்ளே ஒரு பிள்ளை, உன் வயது இருக்கும். எங்களுக்காகப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, அம்மாவின் காலடியில் முழங்காலில் நின்று கயிறு கட்டிவிட்டது. வேண்டாம் பிள்ளை என்றால் கேட்கவில்லை. ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. நான் காசு கொடுக்கப் போனபோது பார்த்தேன், மேசைக்குப் பின்னால் ஒரு காலைச் சப்பாத்தில் இருந்து வெளியே எடுத்து, மற்றக் காலின் மேல் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தது. குதிக்காலில் பிளாஸ்டர், ஓரம் சுருண்டு அழுக்கேறி. என்னைக் கண்டதும் சட்டென்று காலை உள்ளே விட்டது. எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டேன். ஒன்பதரைக்கு என்றது. அப்போது இரவு ஏழு மணி. சிரித்துக்கொண்டே சொன்னது. அம்மா வெளியே வந்து, நடக்காமல் நின்றுவிட்டாள்.

மானிப்பாய் மாமா போன மாதம் நீ இருக்கிற போலோனியாவுக்குப் போய் வந்தார். இன்டிபென்டென்ட்சா வீதியால் ஸ்டேஷனில் இருந்து பெரிய சதுக்கம் வரைக்கும் நடந்தாராம். கடை வாசலெல்லாம் தூண் வைத்து விறாந்தை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள், மழை பெய்தாலும் நனையாமல் போகலாம் என்றார். நீயும் முந்தி அப்படித்தான் சொன்னாய். நல்ல ஊர், நல்ல கடைகள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உன் படிப்பை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கிச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம், ரோசலியாவின் படத்துக்கும் பிள்ளையாருக்கும் நடுவில். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். கூடக் காட்டிவிட்டேனோ என்று இப்போது யோசிக்கிறேன். போன வருடம் ரோசலியாவின் 400ஆவது திருவிழா, ஊரே தேருக்குப் பின்னால் நின்றது, நீ வரவில்லை. இந்த வருடமும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். ஜூலையில் அலுவலகங்களில் லீவு கொடுப்பார்கள் என்று அம்மா சொன்னாள். நான் அவளை வாயை மூடு என்றேன். அப்படிச் சொன்னது பிழை.

சரி, நாற்சந்திக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் நினைவுச்சின்னங்களைத் தத்தெடுத்து, மே மாதத்தில் பிள்ளைகளைக் கொண்டு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வைக்குமே, உனக்கு 11 வயதில் நாற்சந்தி கிடைத்தது. மூன்று கிழமை எனக்குச் சொல்லிக் காட்டினாய், குசினியில் கதிரைக்கு மேல் ஏறி நின்று. எனக்கு இன்னும் அப்படியே பாடம். 1600 அளவில் மக்குவேடா பிரபு இந்தச் சிசிலித் தீவை ஆண்ட காலத்தில் பழைய வீதிக்குக் குறுக்காக இந்த வீதியை வெட்டினார். இரண்டும் சந்திக்கிற மூலைகளைக் கட்ட 1608இல் தொடங்கினார்கள். நாலு மூலைக்கும் நாலு முகம். கீழே நீர்த்தொட்டி, ஊரின் பழைய நாலு ஆறு. அதற்கு மேலே நாலு பருவம். அதற்கு மேலே ஸ்பெயினின் அரசர்கள், ஐந்தாம் கார்லோவும் பிலிப்போ மூன்று பேரும். உச்சியில் ரோசலியாவுக்கு முன் ஊரைக் காத்த நாலு புனிதைகள். பகல் முழுக்க ஏதாவதொரு முகத்தில் வெயில் விழும், அதனால் சூரியனின் அரங்கு என்று பெயர். அதைச் சொல்லும்போது நீ கையை மேலே தூக்குவாய்.

அன்றைக்கு நான் மூலைக்குப் பக்கத்துக் கடையில் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தேன். வழக்கமாக எட்டு மணிக்கு முடிந்துவிடும், அன்றைக்குப் பிந்திவிட்டது. நீ வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை கட்டி, இருபது பேருக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் என்னைக் கண்டாய். முகம் மலர்ந்து, "அப்பா!" என்று தமிழில் கூப்பிட்டுக் கையைத் தூக்கினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். கண்ணாடிக்குள் நீ தெரிந்தாய். உன் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினது எனக்குத் தெரிந்தது. பிறகு நீ தொடர்ந்து சொன்னாய், மூன்றாம் பிலிப்போவை இரண்டு தரம் சொன்னாய், ரீச்சர் திருத்தினா. இரவு வீட்டில், நல்லா முடிஞ்சுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாய். அடுத்த வருடம் விளக்கம் சொல்லப் போகமாட்டேன் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் உனக்கு வெட்கம் வரக்கூடாது என்று செய்தேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். உனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை, கூப்பிட்டவள் நீதானே. வெட்கம் எனக்கு. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன் வாளியோடு நிற்பதை என் பிள்ளையின் வாயால் ஊருக்குச் சொல்லக் கேட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அம்மாவுக்கே முழுக்கத் தெரியாது. நான் இங்கே ஒரு கம்பனியில் எழுத்து வேலை பார்க்கிறேன் என்றுதான் அப்பப்பாவுக்கு எழுதினேன். முதல் கடிதத்தில் எழுதினேன், பிறகு மாற்ற முடியவில்லை. முதலில் நாலு பக்கம் எழுதுவேன். கொஞ்சக் காலத்தில் இரண்டு பக்கம், அப்புறம் ஒரு பக்கம். நீளமாக எழுதினால் எங்கேயாவது பிடிபடும் என்று பயம். 2001இல் அவர் கடுமையான வருத்தத்தில் கிடந்தபோது போனில் கேட்டார், உன் அலுவலகத்தில் ஜன்னல் இருக்கிறதா, வெளிச்சம் வருமா என்று. வரும் ஐயா என்றேன். கண் கெட்டுப்போகும், வெளிச்சத்தில் இருந்து எழுது என்றார். அதுதான் கடைசியாகக் கதைத்தது. அவர் போய் 24 வருடம். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எத்தனையோ இரவு யோசித்துவிட்டேன். காலைப் பார், கையைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் வேறென்ன சொல்லுவார்?

நேற்று மாசிமோ தியேட்டர் வரைக்கும் போய், படிக்கட்டில் அந்த இரண்டு சிங்கங்களையும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் வந்த புதிதில் அது பூட்டிக் கிடந்தது, 1974இல் திருத்த வேலை என்று மூடினது, 1997 மே மாதத்தில்தான் திறந்தார்கள். அம்மா வயிற்றில் நீ. 23 வருடம் ஒரு கதவைத் திறக்காமல் வைத்திருந்த ஊர் இது என்று அன்றைக்கு நான் அம்மாவிடம் சொன்னேனாம். அவள் அதை நேற்றும் ஞாபகமாகச் சொன்னாள். திரும்பி வரும்போது நாற்சந்தியில் நானாகவே நின்றேன். சுவரெல்லாம் கழுவி வெள்ளையாக இருக்கிறது. அந்தக் கடைக் கண்ணாடியில் இப்போது ஐஸ்கிரீம் படம் ஒட்டியிருக்கிறது.

அந்தக் கறுப்புச் சப்பாத்தை உனக்குத்தான் வாங்கினோம். மானிப்பாய் மாமா பத்தாம் திகதி திரும்ப அந்தப் பக்கம் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். அம்மா உள்ளே பருத்திக் காலுறை நாலு சோடி வைத்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் போட்டு நட, அப்புறம் நாள் முழுக்கப் போடு.

ஒக்டோபர் கடைசியில் நானும் அம்மாவும் போலோனியாவுக்கு வரலாமா? தங்க இடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உன் வேலை நேரத்தையும் இடத்தையும் மட்டும் எழுது. விறாந்தை வைத்த அந்த வீதியால் நடந்து வருவோம். நீ எந்தக் கண்ணாடிக்கு அங்கால் நின்றாலும், நான் கதவைத் திறந்து உள்ளே வந்து உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், எத்தனை பேர் நின்றாலும்.

காலைச் சாப்பாட்டை விடாதே. இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. உன் அளவு இன்னும் 37தானே? மாறியிருந்தால் உடனே எழுது, மாற்றித் தருவேன் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது.

அன்புடன்
அப்பா