கப்பல் வலையமைப்புக்குத் தனி இசைவு வேண்டும்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

சொகுசுக் கப்பலில் பயணம் போய்த் திரும்பும் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்கள், தாங்கள் கேட்டுப் பெறாத ஒரு சேவைக்காக அடுத்த பில்லில் பெருந்தொகை கட்ட நேரிடுவதைத் தடுக்குமாறு கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். என் முதன்மைக் கோரிக்கை ஒன்றே. வெளிநாட்டு ரோமிங்குக்கு ஒருவர் தரும் இசைவை, நடுக்கடலில் கப்பலுக்குள் இயங்கும் செயற்கைக்கோள் வழிக் கைப்பேசி வலையமைப்புக்கும் தந்த இசைவாகத் தொலைபேசி நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கென்று தனியே கேட்க வேண்டும். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்கும்வரை அந்த வலையமைப்பில் அவருடைய டேட்டாவும் அழைப்புகளும் அடைபட்டே இருக்க வேண்டும்.

கப்பல் பயணம் இன்று செல்வந்தர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுச் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று அதே துறைமுகத்திலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கான பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் கப்பலேறும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய பணத்தில் முதன்முறையாகக் கடல் கடக்கும் பெற்றோர், புதுமணத் தம்பதியர் என இவர்களில் பெரும்பாலோர் பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் கவனமாகவே செய்கிறார்கள். பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கிறார்கள், பணம் மாற்றுகிறார்கள், தங்கள் கைப்பேசி நிறுவனத்திடம் ரோமிங் பேக்கும் வாங்குகிறார்கள். அந்த பேக்கின் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இருப்பதைப் பார்த்தபின் அவர்களுக்கு ஐயம் எழக் காரணமில்லை. அந்த மூன்று நாடுகளுக்கும் நடுவே உள்ள கடல் அந்தப் பட்டியலில் சேராது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள், அதை விதிமுறைகளின் அடியில் சிற்றெழுத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கடலில் நடப்பது என்னவென்று ஆணையம் நன்கறியும். ஆயினும் இம்மடலைப் படிக்கும் பயணிகளுக்காக விளக்குகிறேன். கப்பல் கரையை விட்டு விலகியதும் நிலத்து டவர்களின் சிக்னல் தேய்ந்து மறைகிறது. கைப்பேசிச் சேவை பொருத்தப்பட்ட கப்பல்களில், கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவைத் தாண்டியபின், கப்பலின் உள்ளேயே வைத்திருக்கும் சிறு ஆன்டெனாக்கள் இயங்கத் தொடங்குகின்றன. பொதுவாக 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், இந்த எல்லையாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆம் ஆண்டு முடிவின்படி அங்கே 2 கடல் மைலுக்கு அப்பாலேயே இயங்க இடமுண்டு. ஆன்டெனா அறைக்கு அருகிலேயே இருப்பதால் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஊரில் வீட்டு மொட்டைமாடியில் கிடைப்பதைவிட நல்ல சிக்னல் நடுக்கடலில் கிடைப்பதைப் பார்க்கும் பயணி, ஏதோ ஒரு நாட்டின் டவர் எட்டுகிறது என்றே எண்ணுவார். உண்மையில் அவர் பேசும் ஒவ்வொரு சொல்லும், அவருடைய கைப்பேசி அனுப்பும் ஒவ்வொரு படமும் கப்பலிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து தரை நிலையத்துக்கு இறங்கி, அதன்பிறகே இந்தியாவுக்கு வருகிறது. அதற்கான கட்டணம், வெளிநாட்டுக் கரையில் இருக்கும்போது விழும் ரோமிங் கட்டணத்தைவிடப் பல மடங்கு கூடுதலானது.

இன்றைய கைப்பேசி, உரியவர் தொடாமலேயே வேலை செய்யும் கருவி. பகலில் எடுத்த படங்களை இரவில் தானே மேலேற்றுகிறது, செயலிகளைப் புதுப்பிக்கிறது, மின்னஞ்சலை இழுக்கிறது, வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளியைப் பதிவிறக்குகிறது. என் உறவினர் குடும்பம் ஒன்றில், கணவரும் மனைவியும் கப்பலில் இருந்த நாட்களில் ஒருவரையும் அழைக்கவில்லை. கடலைப் படம்பிடித்தார்கள், அவ்வளவுதான். மேசைமேல் கிடந்த கைப்பேசி அந்தப் படங்களைச் செயற்கைக்கோள் வழியாகச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பில் வந்தபோது அவர்கள் கட்டிய பயணச்சீட்டின் விலையையே அது மிஞ்சியிருந்தது. தங்கள் நிறுவனத்திடம் முறையிட்டபோது கிடைத்த பதில், “நீங்கள்தான் ரோமிங்கைச் செயற்படுத்தியிருந்தீர்கள்” என்பதாகும். அவர்கள் செயற்படுத்தியது நாடுகளுக்கான ரோமிங்கை. அந்த ஒரு வரியில்தான் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கைப்பேசியை அணைத்துவைத்தால் போயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டு நிலையில் அது எளிதன்று. வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப ஓடிபி வேண்டும். அந்த எண்ணில்தான் அது வரும். ஊரில் தனியாக இருக்கும் முதிய தாய்க்குத் தெரிந்த எண் அந்த ஒன்றே. ஆகவே மக்கள் சிம்மை உயிருடன் வைத்திருக்கவே ரோமிங் வாங்குகிறார்கள்.

விதி மாறும்வரை பயணிகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், செய்யத்தக்கவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, அதன்பின் வைஃபையை மட்டும் தனியாக இயக்கிக்கொள்வதே எல்லாவற்றிலும் உறுதியான வழி. டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்துவது போதாது. அது இணையத்தைத்தான் தடுக்கும், வரும் அழைப்பை எடுத்தால் அதற்கும் கப்பல் கட்டணம் விழும். இணையம் இல்லாதபோது செய்தியைத் தானாகவே எஸ்எம்எஸ் ஆக மாற்றி அனுப்பும் வசதி சில கைப்பேசிகளில் இருக்கிறது. அதை நிறுத்திவைக்க வேண்டும். எடுக்காத அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் ஏற்பாடு இருந்தால் அதையும் ஊரிலேயே நீக்கிவிட வேண்டும், ஏனெனில் ரோமிங்கில் இருக்கும்போது அப்படித் திரும்பும் அழைப்புக்கும் கட்டணம் வரக்கூடும். ஓடிபிக்காக ஃபிளைட் மோடை விலக்கியே தீர வேண்டுமென்றால், கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும் நேரத்தில், திரையில் தெரியும் வலையமைப்பின் பெயர் அந்த நாட்டு நிறுவனத்தினுடையதுதானா என்று பார்த்தபின் விலக்குவது நல்லது. பெயருக்குப் பதிலாக 901 என்று தொடங்கும் எண்ணோ, கடல் என்பதைக் குறிக்கும் பெயரோ தெரிந்தால் அது கப்பலின் வலையமைப்பு. வெளிநாட்டு இ-சிம் வாங்கிச் செல்வோரும் அது பெரும்பாலும் கரையில்தான் பயன்படும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளையும் அறுபது வயதைக் கடந்த ஒருவர் விடுமுறைப் பயணத்தின் நடுவே நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா என்பதே நான் ஆணையத்தின் முன் வைக்கும் கேள்வி.

அதே கப்பலில் வைஃபை எப்படி விற்கப்படுகிறது என்று பாருங்கள். பயணி தன் கைப்பேசியில் அதைத் திறந்தால், ஒரு நாளுக்கு இவ்வளவு, பயணம் முழுவதற்கும் இவ்வளவு என்று விலை முதலில் வருகிறது. அவர் பார்த்து, ஒப்புக்கொண்டு, பணம் செலுத்தியபின்தான் இணைப்பு கிடைக்கிறது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம். 2022 ஆகஸ்டில் ராயல் கரீபியன் குழுமம் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் இணைப்பைப் பொருத்தப்போவதாக அறிவித்தது முதல், கடலில் வைஃபை இன்னும் தரமானதாகிவருகிறது. அதுவும் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது. அதற்கும் செலவு உண்டு. ஆனால் அதை விற்பவர் முன்கூட்டியே கேட்கிறார். கைப்பேசி வலையமைப்பு மட்டும், கேட்காமலே இணைத்து, பயன்படுத்தவிட்டு, பல நாள் கழித்து விலை சொல்கிறது. முதலாவதைப் போல இரண்டாவதையும் நடத்த முடியாது என்பதற்கு ஒரு காரணத்தையும் நான் காணவில்லை.

பிற நாட்டு ஒழுங்குமுறையாளர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லை என்றானபின், மக்கள் கப்பலிலும் அவ்வாறே இருக்கும் என்று நம்பினார்கள். கப்பலிலும் விமானத்திலும் உள்ள செயற்கைக்கோள் வலையமைப்புகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆகவே 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ரோமிங் ஒழுங்குவிதியில், நிலம் சாராத இத்தகைய வலையமைப்புகளில் கட்டணம் 50 யூரோவையோ முன்பே குறித்த வேறொரு வரம்பையோ எட்டியதும் சேவை தானாக நின்றுவிட வேண்டும் என்று விதித்தார்கள். பிரிட்டனில் 2018 அக்டோபர் முதல், மாதப் பில்லுக்கு வாடிக்கையாளரே உச்சவரம்பு வைத்துக்கொள்ளும் உரிமையை நிறுவனங்கள் தர வேண்டியிருக்கிறது. நம் ஆணையமும் 2020 மே மாதத்தில் பன்னாட்டு ரோமிங் பற்றிய கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டு, எதிர்பாராத பில் அதிர்ச்சியைப் பற்றி விவாதித்தது. நான் கேட்பது ஆணையத்துக்குப் புதியதன்று. தொடங்கியதைக் கடல்வரை கொண்டுசெல்லுமாறே கேட்கிறேன்.

நிறுவனங்கள் இரண்டு மறுப்புகளைச் சொல்லக்கூடும். கப்பல் எது, கரை எது என்று தங்கள் அமைப்பால் பிரித்தறிய இயலாது என்பது முதலாவது. இதை ஏற்க இயலாது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் நாட்டுக் குறியீடு உண்டு; இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525. கப்பல் வலையமைப்புகள் பலவற்றில் வரும் 901 எந்த நாட்டுக்கும் உரியதன்று. பன்னாட்டு வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. வேறு குறியீடு இருந்தாலும், யாருடன் ரோமிங் ஒப்பந்தம் செய்திருக்கிறோம் என்பது நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது. கூடுதல் கட்டணத்தைத் துல்லியமாகக் கணக்கிடுவதற்குக் கப்பலை அடையாளம் காணும் அமைப்பு, வாடிக்கையாளரைக் காப்பதற்கும் அதே அடையாளத்தைப் பயன்படுத்தலாம்.

கட்டணப் பதிவுகள் தாமதமாகவே வருகின்றன, ஆகையால் உடனுக்குடன் நிறுத்த இயலாது என்பது இரண்டாவது மறுப்பு. ரோமிங் மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக, பயன்பாட்டு விவரங்களைச் சில மணி நேரத்துக்குள் சொந்த நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உலகெங்கும் நெடுநாளாக இருக்கிறது. ப்ரீபெய்டு வாடிக்கையாளரின் இருப்பு தீர்ந்ததும் அவருடைய ரோமிங் அழைப்பு அக்கணமே நிற்கிறது. நிறுவனத்தின் பணம் போகும் இடத்தில் நிறுத்த முடிகிறதென்றால், வாடிக்கையாளரின் பணம் போகும் இடத்திலும் நிறுத்த முடியும். ஒருவேளை சில கப்பல்களில் இது உண்மையிலேயே முடியாது என்றால், என் முதற்கோரிக்கையான தனி இசைவே அதற்கு மருந்து. இசைவு இல்லாத இடத்தில் எண்ண வேண்டிய கட்டணமே இராது.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதையும் தெளிவாக்குகிறேன். செயற்கைக்கோள் இணைப்பு விலை உயர்ந்தது. அவசரத் தேவைக்கு விலை தெரிந்து பேச விரும்புவோர் தாராளமாகப் பேசட்டும்.

1997 ஆம் ஆண்டு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ் நிறுவனங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. அதன்படி, ரோமிங்கைச் செயற்படுத்தும் படிவத்திலும் செயலியிலும் “கப்பல், விமான வலையமைப்புகள்” என்பது தனியாக, முன்கூட்டியே தேர்வு செய்யப்படாத ஒன்றாக இருக்கச் செய்யுங்கள். இசைவு தராதவருக்கு எஸ்எம்எஸ் பெறும் வசதியை மட்டும் விட்டுவைத்தால் ஓடிபிக்கும் இடையூறு வராது. இசைவு தந்தவருக்கும் அவரே குறிக்கும் தொகையில் சேவை நிற்கட்டும். அவர் குறிக்காவிட்டால் ஆணையம் வகுக்கும் ஒரு வரம்பில் நிற்கட்டும். கைப்பேசி கப்பலின் வலையமைப்பில் இணைந்த உடனே, நிமிடத்துக்கு எத்தனை ரூபாய், ஒரு எம்பிக்கு எத்தனை ரூபாய் என்ற செய்தி வர வேண்டும். அது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வர வேண்டும். சென்னையில் கப்பலேறும் ஒருவருக்கு இந்தச் செய்தி ஆங்கிலத்தில் மட்டும் வருவது போதுமானதன்று. ரோமிங் பேக்குகளின் விளம்பரத்தில், நாடுகளின் பட்டியல் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் கப்பல் இதில் அடங்காது என்பதும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் போவதற்காக எப்போதோ செயற்படுத்திய ரோமிங் திரும்பி வந்தபின்னும் அப்படியே தொடர்வதால், உள்நாட்டுக் கப்பலில் ஏறுபவரும் இதில் சிக்கக்கூடும். ஆகவே பயணக் காலம் முடிந்ததும் ரோமிங்கும் முடிவுக்கு வரும் ஏற்பாடு தேவை.

இந்த மடலின் படி ஒன்றைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்புகிறேன். 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விமான, கடல்வழி இணைப்பு விதிகளின் மூலம் இந்தியக் கடல் எல்லைக்குள் கப்பல்களில் சேவை வழங்குவதற்கு அத்துறையே வழி திறந்தது. கப்பலின் அறைகளிலும் புறப்படும் முன் செய்யும் அறிவிப்பிலும் ஃபிளைட் மோட் பற்றிச் சொல்லும்படி கப்பல் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்வது கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தால் ஆகக்கூடியது.

இறுதியாக, ஏற்கெனவே பில் வாங்கி நிற்பவர்களைப் பற்றி. தனிப்பட்ட புகார்களை ஆணையம் விசாரிப்பதில்லை என்பதை அறிவேன். அவர்கள் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், பிறகு அதன் மேல்முறையீட்டு அமைப்பிலும் எழுத்துமூலம் முறையிட வேண்டும். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். தொலைபேசிச் சேவை பற்றிய வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக மாதக்கணக்கில் அலையும் வலு எல்லோருக்கும் இல்லை. பலர் எண் துண்டிக்கப்படுமோ என்ற அச்சத்தில் கட்டிவிடுகிறார்கள். முறையீடு நிலுவையில் உள்ள காலத்தில், தகராறுக்குரிய கப்பல் கட்டணத்துக்காக எண்ணைத் துண்டிக்கக் கூடாது என்று ஓர் இடைக்கால ஆணையையாவது விரைந்து பிறப்பிக்குமாறும், மேற்கண்ட கோரிக்கைகள் மீதான வரைவைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிட்டுப் பயணிகளின் கருத்தைக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சென்னையைச் சேர்ந்த ஒரு போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்