சஹனில் என் பங்கு நாலு வாய்தான்

நம்மூர் ஜமாஅத் பெரியவர்களுக்கும், விருந்து வைக்கும் வீடுகளின் மாமிமார், சாச்சிமார், ராத்தாமார்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன மாதம் கீழக்கரையில் ஒரு கல்யாணத்தில் மயங்கி விழுந்த பெண் நான்தான். "புள்ளத்தாச்சியா இருக்கும்" என்று ஒருத்தரும், "பட்டினி கிடந்து உடம்பக் குறைச்சவ, விழாம என்ன செய்வா" என்று இன்னொருத்தரும் சொன்னது படுத்திருந்த என் காதில் விழுந்தது. எனக்கு வயது 47. முதலாவதற்கு வழியில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் எனக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சில் செய்வது அல்ல, இரைப்பையில் செய்வது. அப்போது 118 கிலோ இருந்தேன். சர்க்கரை வேறு, ராத்திரி மூச்சுத் திணறல் வேறு. இரைப்பையின் மேல்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயேதான் கிடக்கும், சோறு அந்தப் பக்கம் போகாது. இப்போது 76 கிலோ. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாயிற்று. ஆபரேஷன் செய்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஊரில்தான் மறைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "நடக்குறேன் ராத்தா" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய் இப்போது ஒவ்வொரு விருந்திலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சஹன் என்கிற பெரிய பொதுத்தட்டைச் சுற்றி மூன்று பேர் உட்காருகிறோம். நடுவில் நெய்ச்சோறு ஆவி பறக்கிறது. நான் நாலு வாய் எடுப்பதற்குள் மற்ற இருவரும் தங்கள் பக்கத்தைக் காலி செய்துவிட்டு, என் பக்கம் குவிந்திருக்கும் சோற்றைப் பார்ப்பார்கள். ஒரு வாயை இருபது, முப்பது தடவை மென்றுதான் நான் விழுங்க வேண்டும். அதற்குள் வீட்டுக்கார மாமி கறியைக் கொண்டுவந்து என் விரல் மேலேயே வைப்பார். "எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா?" இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு தடவை வெட்கப்பட்டு அவசரத்தில் ஆட்டுக்கறித் துண்டை விழுங்கினேன். அது நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் நின்றுகொண்டது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. மூக்கில் நீர் வடிந்தது. வாயில் எச்சில் வெள்ளை நுரையாகப் பொங்கிப் பொங்கி வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

இனி, நான் விழுந்த கதை. சாதாரண வயிற்றில் இரைப்பையின் அடிவாசல் சாப்பாட்டைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். என் வயிற்றுச் சோறு அந்த வாசல் வழியே போவதில்லை. இனிப்பு தின்றால் மொத்தமும் தடதடவென்று சிறுகுடலில் இறங்கி, உடம்பிலுள்ள நீரை அங்கே இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம், அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்வை கொட்டும், வயிறு முறுக்கும், பேதி வரும். டாக்டர்கள் இதை டம்பிங் என்கிறார்கள். அன்று நான் தின்றது மூன்று கரண்டி வட்டலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து அவித்தது. முட்டைதானே, உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (நாக்குக்கு வக்காலத்து வாங்க ஆளா இல்லை?) விழுந்ததும் யாரோ நல்ல மனதோடு நன்னாரி சர்பத்தை வாயில் ஊற்றினார்கள். எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட கதைதான்.

அதற்காக எப்போதும் இனிப்பே கூடாது என்றும் இல்லை. இனிப்பு தின்று ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை அடியோடு இறங்குவதும் உண்டு. அப்போது கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரத்தில் சீனித்தண்ணீர் இரண்டு வாய் கொடுக்கத்தான் வேண்டும், பின்னால் ஒரு அவித்த முட்டையோ கொஞ்சம் சுண்டலோ. சாப்பிட்ட உடனே என்றால் படுக்க மட்டும் விடுங்கள். எது என்று தெரியாவிட்டால் என்னிடமே கேளுங்கள், பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பேன்.

"தொதல் கருப்பட்டில கிண்டுனது, சீனி இல்ல, சாப்புடு" என்று சொல்லும் சாச்சிமாருக்கு: குடலுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான். தேனும் அப்படித்தான்.

கக்கூஸ் விஷயத்தையும் எழுதாமல் விட முடியாது, வெட்கமாக இருந்தாலும். நெய்யும் பாலும் எனக்கு முன்போலச் செரிப்பதில்லை. செரிக்காதது பெருங்குடலில் போய்ப் பொங்கிக் காற்றாகவும் பேதியாகவும் வரும். நாற்றம் எனக்கே தாங்காது. வந்தால் ஐந்து நிமிடம்கூட அடக்க முடியாது. அன்றைக்குப் பெண்கள் பக்கம் இருந்த இரண்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில் தண்ணீர் இல்லை. ஆயிரம் பேரைக் கூப்பிடும் இடத்தில் இப்படியா? ஜமாஅத் பெரியவர்கள் மஹால்காரர்களிடம் இதைக் கேட்க வேண்டும். எனக்காக மட்டுமல்ல, சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், வயதான உம்மாமார் எல்லாரும் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நோன்பு பற்றியும் கேட்கிறீர்கள். ஆபரேஷன் நடந்த வருடம் நான் நோன்பு பிடிக்கவில்லை, டாக்டர் கூடாது என்றார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, மாமிமார்தான் தரவில்லை. இப்போது டாக்டரைக் கேட்டுக்கொண்டு பிடிக்கிறேன். திறக்கும்போது அரைப் பேரீச்சம்பழம், பிறகு கஞ்சி அரைக் கோப்பை. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க மாட்டேன், அரை மணி நேரமாவது தள்ளித்தான். பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் சாகும்வரை மருந்தாகத்தான். தலைவலி என்று சொன்னால் கைப்பையிலிருந்து வலி மாத்திரை எடுத்து நீட்டாதீர்கள். புரூஃபென் மாதிரி மாத்திரைகள் அந்தச் சின்னப் பையில் புண் போட்டுவிடும்.

நான் கேட்பது, சஹனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு துண்டு சீலா மீன், கொஞ்சம் ஆணம் (குழம்பு). மீன் எனக்கு நன்றாக இறங்குகிறது. தனித்தட்டு கேட்டால் அருவருப்பு என்று நினைக்காதீர்கள், அதே வட்டத்தில்தான் உட்காருவேன். நான் மிச்சம் வைத்தால் பரக்கத்தை (இறைவன் தந்த அருளை) வீணாக்குகிறாள் என்பீர்கள். முதலிலேயே குறைத்து வைத்தால் மிச்சமே இருக்காதே.

இந்த மாதக் கடைசியில் என் கொழுந்தன் மகளுக்கு நிக்காஹ். வருவேன். மூன்றாவது ஆளாக என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். என் பக்கத்துக் கறியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தெருப்பிள்ளை ஒருத்தி
கீழக்கரை