மஞ்சள் கார்டு எதற்கு? எங்கள் பிசியோதெரபி மையத்திலிருந்து ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

"இது எனக்கு எத்தனாவது சிட்டிங்?" என்று கேட்டால் எங்களிடம் உடனே பதில் இருக்கும். ரிசப்ஷன் நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். "நான் இப்ப எந்த நிலையில இருக்கேன், இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டால்தான் முழிப்போம். அன்றைக்கு யார் பார்க்கிறார்களோ அவர்கள் நினைவில் இருந்ததைச் சொல்வார்கள். மறுநாள் இன்னொருவர் வேறு சொல்வார். வரும் 1-ஆம் தேதி முதல் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் கார்டு இருக்கப்போகிறது. அதில் என்ன எழுதுவோம், ஏன் எழுதுவோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சென்ற வருடம் முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு அம்மா வந்தார். ஐந்து நாள் ஒழுங்காக வந்தவர் அப்புறம் வரவில்லை. பேத்திக்குக் காதுகுத்து என்று சொன்னதாக ஒருவருக்கு ஞாபகம். நாங்களும் விட்டுவிட்டோம். ஏழு வாரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது அந்த முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில்தான் மூட்டு சொன்னபடி கேட்கும். உள்ளே தழும்பு இறுகிவிட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு போன் போட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. தினசரி நோட்டில் வந்தவர் பெயரைத்தானே எழுதுகிறோம், வராதவர் பெயர் அதில் எப்படி இருக்கும்?

நேர் எதிராகவும் நடந்தது. இடுப்பு வலியோடு வந்த ஒரு ஐயா எட்டு சிட்டிங்கில் நன்றாகிவிட்டார். ஆனால் 23 சிட்டிங் வரை வந்தார். "கரன்ட் வெச்சா சுகமா இருக்குதுங்க" என்பார். வலி குறைய மிஷினில் லேசாக மின்சாரம் கொடுப்பதைத்தான் கரன்ட் என்கிறோம். நாங்களும் வைத்தோம், பணமும் வாங்கினோம். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இனி கார்டு. மேலே நான்கு கட்டங்கள் அச்சடித்திருக்கும்: வலி அடங்குவது, அசைவு திரும்புவது, பலம் ஏறுவது, வீட்டிலேயே பார்த்துக்கொள்வது. நீங்கள் இருக்கும் கட்டத்தைப் பென்சிலால் வட்டமிடுவோம். பேனா கிடையாது, ஏனென்றால் சில சமயம் ஒரு கட்டம் பின்னால் போகவும் நேரும்.

அதற்குக் கீழே மூன்று கோடுகள். இதுதான் கார்டின் உயிர். உங்களால் இப்போது செய்ய முடியாத, செய்தே ஆக வேண்டிய மூன்று வேலைகளை நீங்களே சொல்ல வேண்டும். சுத்தமாக முடியவில்லை என்றால் 0, பழையபடி முடிகிறது என்றால் 10. இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, உலகம் முழுக்க பிசியோதெரபிஸ்டுகள் வைத்திருக்கும் முறைதான். "தோள் வலி குறையணும்" என்று எழுதினால் எங்களுக்கு உதவாது. கார்டு வருவதற்கு முன்பே இப்படிக் கேட்டுப் பார்த்தோம். ஓவர்லாக் மிஷினில் தைக்கும் ஒரு அக்கா, ஃப்ரோசன் ஷோல்டரோடு (தோள் மூட்டு இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவது) வந்தவர், இப்படிச் சொன்னார்: மிஷினுக்கு மேலே ஸ்டாண்டில் நூல் கோன் மாட்டணும், தலைமுடியைப் பின்னல் போடணும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கணும். முதல் நாள் 1, 2, 0. அந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே கையை எந்தப் பக்கம் திருப்பிப் பழக்க வேண்டும் என்று எங்களுக்குப் பிடிபட்டது. ஒரு வேலையில் ஒரு எண் ஏறினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கியதாலும் இருக்கலாம். அதே வேலையில் மூன்று எண் ஏறினால் அது நிஜம்.

பின்பக்கம் நாங்கள் அளப்பது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, நீள்கிறது என்று கோணமானி வைத்துப் பார்ப்போம். எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஐந்து டிகிரி முன்னே பின்னே இருக்கும். அதனால் ஒரே ஆள், ஒரே பெட், ஒரே நிலையில் படுக்கவைத்து அளப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முட்டிக்காரர்கள் மடங்குவதையே கேட்கிறீர்கள். இந்தியன் டாய்லெட்டில் குந்த 130-க்கு மேல் வேண்டும், அதனால் கேட்பது நியாயம்தான். ஆனால் கால் முழுதாக நீளவில்லை என்றால் நடையே சாய்ந்துவிடும், அதையும் கேளுங்கள். வயதானவர்களுக்கு இன்னொரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி. 12-க்கு மேல் போனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று வீட்டாரிடம் சொல்லி, பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொல்வோம்.

ஆறு சிட்டிங்குக்கு ஒரு முறை மறுபடி அளப்போம். அடுத்தடுத்து இரண்டு தடவை எண் நகரவில்லை என்றால் அதே கரன்ட்டையே வைத்துக்கொண்டிருக்க மாட்டோம். பயிற்சியை மாற்றுவோம், அல்லது உங்கள் ஆர்த்தோ டாக்டருக்குப் போன் செய்வோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஃப்ரோசன் ஷோல்டர் தன் பாட்டுக்கு மெதுவாகப் போகிற சமாச்சாரம். முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் இளக்கம் என்று ஒரு வருடம், சிலருக்கு மூன்று வருடம்கூட ஆகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகமாக வருகிறது. இறுக்கமான மாதங்களில் கார்டில் எண் அசையாது. அந்த அக்காவுக்கும் இரண்டு மாதம் அப்படியே நின்றது, "காசு தண்டமாங்க?" என்று கேட்டார். தண்டமில்லை. அந்தக் காலத்தில் தினமும் வரத் தேவையில்லை, வீட்டுப் பயிற்சியும் மாதம் ஒரு அளவும் போதும் என்று சொல்லி அனுப்பினோம். நான்காம் மாதம் நூல் கோன் 1-லிருந்து 5-க்கு வந்தது. பஸ் கம்பி இன்னும் 2-தான்.

நீங்கள் சொல்லாமல் இரண்டு முறை வராவிட்டால் மூன்றாம் நாள் போன் வரும். தீபாவளி நெருங்கும்போது கம்பெனியில் ஓவர்டைம் என்று எங்களுக்கும் தெரியும், திருப்பூரில்தானே இருக்கிறோம். நேரத்தை மாற்றிக் கேளுங்கள், ராத்திரி 9 வரை திறந்திருப்போம்.

பணம் பற்றி: பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டி, ஏழிலேயே நினைத்த இடத்துக்கு வந்துவிட்டால் மீதி மூன்றுக்கான பணம் கையில் திரும்பி வரும்.

சுவரில் பெயரும் நோயும் எழுதியிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டோம். கார்டு உங்களிடம் இருக்கும், நகல் பூட்டிய அலமாரியில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்து "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாலும், அம்மா சரி என்று சொன்னால்தான் சொல்வோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கார்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கால் மரத்து வலுவிழந்தாலோ, எங்களிடம் வராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்கள் அடுத்த முறை பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள், உங்கள் மூன்று வேலைகளை யோசித்துக்கொண்டு வாருங்கள். கார்டு தொலைந்தால் புதியது இலவசம். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதன்மேல் பென்சில் எழுதாது.

இப்படிக்கு,
உங்கள் பிசியோதெரபி மையத்தார்,
திருப்பூர்