கற்றாழைக்கு முன்னால் அந்த அரை மணி நேரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பர்மாவில் பெகு பக்கம் நாலு கறவை வைத்துப் பிழைக்கிறவன் நான். உங்கள் பேப்பரை போனில்தான் படிக்கிறேன், அதுவும் கரண்டும் இன்டர்நெட்டும் ஒன்றாக வருகிற நாளில். மடி வீங்கிப் பால் திரிகிற மடிநோய்க்குக் கற்றாழை வைத்தியம் என்று நீங்கள் போட்ட குறிப்பு பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குறிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் கால்நடை ஆராய்ச்சி மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய மருந்து அது. கற்றாழை மடல் 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்தால் செக்கச்செவேல் என்று ஆகும். அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, உள்ளே இருக்கிற பாலை முழுக்கப் பீச்சிவிட்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூச வேண்டும், ஐந்து நாள். சுண்ணாம்புக்கு இங்கே அலைய வேண்டியதே இல்லை, தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன். வீக்கம் தொடங்கிய அன்றோ மறுநாளோ பிடித்துவிட்டால் கேட்கிறது. காம்பு கல்லாகி, மாட்டுக்குக் காய்ச்சல் வந்து, தீனியையும் விட்டுவிட்டால் கற்றாழையை நம்பி உட்காரக் கூடாது, டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

எனக்குக் குறையாகப் பட்டது வேறு. நோய் வந்த பிறகு என்ன பூசுவது என்று பத்தி பத்தியாக இருந்தது, வராமல் இருக்க என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நல்ல மழையில் என் செவலைக்குப் பின்காம்பு ஒன்று வீங்கியது. மருந்து விற்கிற ஒருவர் வந்து ஒரு ஊசி போட்டார், மறுநாள் பால் கொஞ்சம் தெளிந்ததும் போதும் என்று சொல்லிவிட்டார், நானும் காசு மிச்சம் என்று தலையாட்டினேன். பத்தே நாளில் திரும்ப வந்தது. அந்தக் காம்பு அப்படியே வற்றிப்போய், இன்றைக்கும் மூன்று காம்பில்தான் கறக்கிறேன். ஊசியும், காம்புக்குள் ஏற்றுகிற மருந்து டியூப்பும் வெளிநாட்டுச் சரக்கு. 2021க்கு முன்னால் ஒரு டாலர் 1,300 கியாட் சொச்சம் இருந்தது, 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிவிட்டது. முழு வைத்தியத்தையும் பாதியில் நிறுத்துகிறவன் ஏன் நிறுத்துகிறான் என்று இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, செலவே இல்லாத காரியத்துக்கு வருகிறேன். கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்ளாது, அரை மணி நேரமாவது திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் மாடு சேற்றிலும் சாணியிலும் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? மாடு அசையாமல் நிற்க வேண்டும் என்று கறக்கும்போதே தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம், பாத்திரத்தைத் தூக்கியதும் அதுவும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறது. நான் இப்போது கறக்கும்போது கால்வாசித் தவிடுதான் வைக்கிறேன். பசும்புல்லை எடுத்து வைத்திருந்து கறந்த பிறகு போடுகிறேன். தின்று முடிக்கிற வரைக்கும் நின்றுதானே ஆக வேண்டும்! படுக்கிற இடத்தில் ரைஸ் மில் உமியைப் பரப்பி, நனைந்ததை வாரிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். மே முதல் அக்டோபர் வரை இங்கே மழை விடாது என்பதால் தரை காய்ந்திருப்பதே பெரிய வேலை.

கட்டை விரலை மடக்கிக் கறக்கிற பழக்கத்தையும் விட்டேன், எங்கள் அப்பா அப்படித்தான் கறப்பார், கை வேகம் வரும், ஆனால் காம்புக்கு உள்ளே புண்ணாகும். முழுக் கையால் பிடித்துக் கறந்தால் ஐந்து நிமிடம் கூட ஆகிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கிறேன், திரி திரியாக விழுந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சந்தேகம் என்றால் அரை லிட்டர் தண்ணீரில் ஆறு சின்ன ஸ்பூன் துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்து, அதில் கொஞ்சமும் அதே அளவு பாலும் சேர்த்து ஆட்டினால் போதும். கொழகொழவென்று திரண்டால் உள்ளே நோய் இருக்கிறது.

இன்னொன்று, ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் டீக்கடைக்கு ஊற்றக் கூடாது. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, அந்தச் செவலை விஷயத்தில் நான் ஊற்றியவன்தான்.

அந்தக் குறிப்பைத் திரும்பப் போடுவதாக இருந்தால், கறந்ததும் புல் போடுங்கள் என்பதைப் பெரிய எழுத்தில் மேலே போடுங்கள், கற்றாழையை அதற்குக் கீழே வையுங்கள்.

இப்படிக்கு,
நாலு மாட்டுக்காரன்,
பெகு, பர்மா