முதலில் பிரேக், அப்புறம் இன்ஜின்

அன்பு மகளுக்கு,

நீ அந்தப் பழைய மாரிஸ் மைனர் காரை வாங்கிவிட்டாய் என்று சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். எழுதி அனுப்பினால் வண்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்கலாம் இல்லையா, அதனால்தான் இந்தக் கடிதம்.

நல்ல வண்டியாகத்தான் பிடித்திருக்கிறாய். 1948-ல் வந்த வடிவம், அலெக் இசிகோனிஸ் செய்தது. உன்னுடையது 1958 மாடல், 948 சிசி இன்ஜின். பானட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை சற்று மேடாக ஓடுகிறதே, கவனித்தாயா? மாதிரிக்குச் செய்த வண்டி ரொம்ப ஒல்லியாக இருக்கிறது என்று அதை நடுவில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தாராம் இசிகோனிஸ். அது பிடித்துப்போய் அப்படியே தயாரிப்புக்குப் போனது. அந்தப் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பிரிட்டனில் செய்த கார்களில் முதன்முதலில் பத்து லட்சத்தைத் தாண்டியதும் இதுதான். அதனால் பாகங்களும் கிடைக்கும், விஷயம் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள்.

இன்ஜினை எப்போது ஸ்டார்ட் பண்ணலாம் என்றுதான் நீ திரும்பத் திரும்பக் கேட்கிறாய். ஆசை புரிகிறது. ஆனால் முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் பிரேக் சிலிண்டர்களை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. அதோடு, இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். பிரேக்கை மிதித்தால் ஆயிலை லைனில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இன்ஜின் பக்கம் தேடாதே. டிரைவர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால் மூடி தெரியும். ஆயில் ஊற்றும்போது பெயின்ட்டில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, அரித்துவிடும்.

இன்ஜின் ஜாம் ஆகியிருக்கிறது என்றாய். பயப்படாதே. பிளக்குகளைக் கழற்றி, நான்கு ஓட்டை வழியாகவும் துரு இளக்கும் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சில நாள் அப்படியே ஊறவிடு. அப்புறம் இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார். அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும். செல்ஃப் மோட்டாரை வைத்துத் திமிறவைக்காதே.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. உன்னிடம் இருப்பது மில்லிமீட்டர் செட். இந்த வண்டி அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் உன் 13 நம்பர் ஸ்பேனர் போய் உட்கார்ந்தும்விடும். துருப்பிடித்த நட்டில் அதைப் போட்டு அழுத்தினால் மூலை மழுங்கி வட்டமாகிவிடும், அப்புறம் உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்குல செட் ஒன்று வாங்காமல் எதையும் கழற்றாதே.

இதையெல்லாம் விட நான் சொல்ல நினைத்தது வேறு. பழைய வண்டிக்காரர்களிடம் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்றாயே, அதுதான் மனதிலேயே நிற்கிறது. அப்படி நினைக்கிறவர்கள் மிகக் குறைவம்மா. இந்த வண்டிகளைப் பற்றித் தெரிந்ததில் பாதி எந்தக் கையேட்டிலும் இல்லை, ஆட்களிடம்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவரின் வண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு திக்கு திக்கிவிட்டுத்தான் எடுக்கும். பாயின்ட், கண்டென்சர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். வயதான நண்பர் ஒருவர் வந்தார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் எஸ்யு கார்பரேட்டரின் தலையிலிருந்த சின்ன மூடியைத் திருகி எடுத்து, அதோடு வந்த தண்டைத் துணியில் துடைத்துக் காட்டினார். துணியில் ஈரமே இல்லை. உள்ளே கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு மூடினார். பிறகு கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டு, அது 'டக்' என்று போய் உட்காரும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். திக்கல் போய்விட்டது. பிஸ்டன் சட்டென்று எகிறாமல் பிடித்துவைப்பது அந்த ஆயில்தான். அது வற்றினால், வேகம் எடுக்கும்போது தேவையான பெட்ரோல் செறிவு கிடைக்காது. அவர் வாங்கிக்கொண்டது ஒரு டீயும் அரை மணி நேரப் பேச்சும்தான்.

ஆனால் கேட்கிற விதம் ஒன்று உண்டு. "வண்டி ஓடவில்லை, என்ன செய்ய?" என்றால் யாராலும் உதவ முடியாது. எந்த வருஷம், எந்த இன்ஜின், பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா, கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா, இதுவரை எதையெல்லாம் கழற்றினாய், எல்லாவற்றையும் சொல்லு. படம் காட்டு. பதில் சொல்வதற்கு முன் உன்னிடம் நாலு கேள்வி திருப்பிக் கேட்கிறவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். கேட்டவுடனே "எல்லாத்தையும் மாத்திடு" என்பவரின் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வை. சரியான பிறகு எப்படிச் சரியானது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல மறக்காதே. உதவி வாங்கியதும் காணாமல் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. அடுத்து வருகிறவனுக்கு அந்தப் பதில் எங்கே போய்க் கிடைக்கும்?

பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் நீ செய்த வேலையைக் கைப்பழக்கம் உள்ள ஒருவர் நேரில் பார்த்த பிறகுதான் சாலைக்கு எடுக்க வேண்டும். முன் சக்கரங்களின் கீழ் டிரனியனை, அதாவது சக்கரம் திரும்ப இடம்கொடுக்கும் கீழ் மூட்டை, அவரிடம் தனியாகக் காட்டு. கிரீஸ் போடாமல் தேய்ந்திருந்தால், ஓடும்போதே சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இந்த வண்டியின் பெரிய பலவீனம் அது. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

பேட்டரியில் கை வைக்கும் முன் எந்த வயர் பாடியில் போய்ச் சேர்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. அந்தக் காலத்து மைனரில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை இணைக்காதே.

அன்புடன்,
அப்பா