பவுல் தனியாகப் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில், ஆரம்பக் காலத்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுலின் பயணங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ ஒற்றை ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கதை மாதிரி இருந்தது. அப்படி இல்லைங்க.

கிரேக்க நகரமான கொரிந்துவில் அவர் தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி வீட்டில். கி.பி. 49 வாக்கில் கிளவுதியு பேரரசர் யூதர்களை ரோமை விட்டு வெளியேறச் சொன்னதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மூவருக்குமே தொழில் கூடாரம் செய்வது என்பதால் ஒரே வீட்டில் வேலை, ஆரம்பத்தில் ஓய்வுநாளில் யூதர்களின் ஜெப ஆலயத்தில் பவுலின் பேச்சு, அந்த ஊரில் மொத்தம் ஒன்றரை வருஷம் ஓடியது. அப்புறம் எபேசு நகரத்தில் அப்பொல்லோ என்கிற பேச்சாளர் இயேசுவைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துப் பிரசங்கம் செய்தபோது இந்தத் தம்பதிதான் அவரைத் தனியே அழைத்துப் புரியவைத்தார்கள். சபை நடுவே மட்டம் தட்டவில்லை, பாருங்கள்.

பைபிளில் உள்ள, ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் 20 பேருக்கு மேல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களில் ரூபு என்பவரின் அம்மாவை 'எனக்கும் தாய்' என்கிறார். அந்த அம்மா என்ன சமைத்துப் போட்டாரோ! பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு கூட நடுவில் தலையை நீட்டித் தானும் வாழ்த்துச் சொல்கிறார்.

கொரிந்துவுக்குப் பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண்தான் அந்தக் கடிதத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர் என்று பலர் கருதுகிறார்கள். அடுத்த முறை அவரைப் பற்றி ஒரு பத்தியாவது போடுங்கள்.

ஒரு வாசகர்