சிறுவர் பேண்டு அறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கோலார் தங்கவயல், மாரிக்குப்பம்

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நம் லைன் (சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சிறுவர் பேண்டு அறையின் வேலை நல்லபடியாக முடிந்தது.

ஏன் இவ்வளவு இழுத்தது என்று பலர் கேட்டீர்கள். கொத்தனார், வெல்டர், தச்சர் எல்லாரும் நம் பிள்ளைகளே. விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான். கிடைக்கும் ஒரே ஞாயிறையும் கூலி வாங்காமல் நமக்குத் தந்தார்கள். அவர்களுக்குக் கமிட்டி என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பெருஞ்செலவு கூரைக்குத்தான், துருப்பிடித்த தகரத்தை முழுக்க மாற்றிவிட்டோம். பின்சுவரில் ஏர் பிளாஸ்ட் காலத்து விரிசல். அடியில் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகள் குலுங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இடித்துக் கட்டலாம் என்றார்கள் சிலர். நிலம் நம் பெயரில் இல்லை. அதனால் விரிசலைக் கொத்தி, கம்பி வைத்துப் பூசினோம். அதுவே சரி.

ஜன்னலுக்கு இரட்டை வலை. காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டின், அதாவது தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குன்றின், தூள் மாவு போல வந்து டிரம்பெட் வால்வுக்குள் புகுந்து எண்ணெயோடு பிசினாகிவிடும். அழுத்தினால் வால்வு இறங்கும், மேலே வராது. பிள்ளைகள் வாயில் வைத்து ஊதுவது. இதில் சிக்கனம் பார்க்கவில்லை.

புது பேஸ் டிரம் வாங்கவில்லை. பழையதின் கட்டை உறுதியாக இருந்தது, தோல் மட்டும் கிழிசல். மழைக்குத் தொய்யாத பிளாஸ்டிக் தோல் போட்டோம். சிறுவயதில் அதைச் சுமந்து ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் போனவர்கள், பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். அவர்களில் இருக்கிறவர்கள்தான் இன்று ஞாயிறு மாலை வாத்தியார்கள். சிலிகோசிஸ் என்னும் பாறைத்தூசி நுரையீரல் நோய் வந்தவர்களுக்கு ஊதிக் காட்ட மூச்சில்லை; வாயால் மெட்டைச் சொல்லி, பிள்ளையின் விரலைப் பிடித்து வால்வில் வைக்கிறார்கள். இவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை அவசரப்பட்டோம்.

பெண் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். பேஸ் டிரம் இப்போது அவர்களில் ஒருத்தியிடம். தோள்வாரை அவள் அளவுக்கு வெட்டித் தைத்தாயிற்று.

வரவு செலவுக் கணக்கு அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, ரசீதுகள் பொருளாளரிடம். சீருடைக்குப் பணம் சேரவில்லை. வரும் ஏப்ரலுக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலேயே நடப்பார்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியினர்